கண் இன்ஷூரன்ஸ் என்று அட்டை விற்கிறார்கள்: கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் குடும்பங்கள் கவனத்துக்கு

மஞ்சக்குப்பத்தில் ஒரு குடும்பம். தாத்தாவுக்கு 64 வயது, பத்து வருஷமாக சுகர். அப்பாவுக்கு மைனஸ் 4.5 பவர். பத்து வயதுப் பெண்ணுக்குப் போர்டு தெரியவில்லை என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அபார்ட்மென்ட் வாசலில் 'இலவசக் கண் பரிசோதனை முகாம்' என்று பேனர் கட்டி மேசை போட்டார்கள். 2,999 ரூபாய் கட்டினால் நாலு பேருக்கும் ஒரு வருஷம் கண் இன்ஷூரன்ஸ். கண்ணாடி பாதி விலை, கண்புரை ஆபரேஷனும், பவரைச் சரிசெய்யும் லேசர் ஆபரேஷனான லேசிக்கும் 'கவர் ஆகும்' என்று சொல்லி அட்டை கொடுத்தார்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே மூன்று லட்சத்துக்கு ஆரோக்ய சஞ்சீவனி என்ற மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியும் உண்டு. அட்டையும் பாலிசியும் சேர்ந்தால் கண்ணுக்குக் கைக்காசு போகாது என்று நம்பினார்கள். ஒரு வருஷத்துக்குள் ஐம்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டது. இதே மாதிரி மேசை இந்தப் பக்கம் வேறு தெருக்களிலும் போடப்படலாம் என்பதால் ஒவ்வொன்றாக எழுதுகிறோம்.

முதலில் அந்த அட்டை. அது இன்ஷூரன்சே இல்லை, ஒரு கண்ணாடிக் கடையின் தள்ளுபடி அட்டை. பணம் போனது ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு. உண்மையான பாலிசி என்றால் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், யுஐஎன் என்ற பதிவு எண், விதிமுறைகள் அடங்கிய ஆவணம் எல்லாம் இருக்கும். பிரீமியம் நிறுவனத்தின் பெயரிலேயே போகும். படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமையும் உண்டு. அட்டைக்கு இதில் ஒன்றுகூட இல்லை. 'யுஐஎன் சொல்லுங்க' என்று கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பாதி விலைக் கண்ணாடி, பிரேமில் ஒட்டிய விலையில் பாதி. அந்த விலையை ஒட்டியதே கடைதான். பில்லில் 'கண்ணாடி 1 செட்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். பிரேம் எவ்வளவு, லென்ஸ் எவ்வளவு, லென்ஸ் எந்தக் கம்பெனி, இண்டெக்ஸ் (லென்ஸ் எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டும் எண்) 1.5-ஆ 1.6-ஆ, என்ன கோட்டிங் என்று பிரித்து எழுதாத பில்லை ஏற்காதீர்கள். லென்ஸ் வந்த உறையையும் கேட்டு வாங்குங்கள். ஆளுக்கு 800 ரூபாய் கூடுதலாக வாங்கிப் நீல ஒளியைத் தடுக்கும் 'புளூ கட்' லென்ஸ் போட்டுவிட்டார்கள். இந்த வகை லென்ஸ் கணினி பார்ப்பதால் வரும் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் 2023-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அந்தப் பணத்தில் குழந்தைக்குப் பாலிகார்பனேட் லென்ஸ் போட்டிருக்கலாம். பந்து பட்டாலும் எளிதில் உடையாது.

குழந்தை விஷயம்தான் மனதை அதிகம் சங்கடப்படுத்துகிறது. முகாம் மேசையில் கம்ப்யூட்டர் மெஷினில் பார்த்து மைனஸ் 1.75 எழுதிக் கண்ணாடி செய்துவிட்டார்கள். குழந்தைக்குத் தலைவலி. பிறகு கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் மைனஸ் 0.75 தான். காரணம் இதுதான்: பிள்ளைகளின் கண் கிட்டத்தில் பார்க்கத் தானாகவே இறுக்கிக்கொள்ளும், மெஷின் அதையும் பவராகக் கணக்குப் போட்டுவிடும். சொட்டு விட்டு அந்த இறுக்கத்தைத் தளர்த்திய பிறகுதான் சரியான பவர் தெரியும். பிள்ளைக்கு முதல் கண்ணாடி எழுதும்போது சொட்டு விட்டுப் பார்க்காமல் எழுத விடாதீர்கள். சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் மங்கும், பயப்பட வேண்டாம். மறுநாள் பரீட்சை இல்லாத நாளாகப் பார்த்து அழைத்துப் போங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி கிடைக்குமா என்று முதலில் பள்ளியிலேயே கேளுங்கள்.

அப்பாவுக்கு லேசிக். 'பாலிசி இருக்குல்ல சார், கிளைம் பண்ணிக்கலாம்' என்று 10,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். கிளைம் மறுக்கப்பட்டது, முன்பணம் திரும்பவில்லை. இந்திய மருத்துவக் காப்பீட்டில் இதற்கு ஒரு பொதுவான விலக்கு இருக்கிறது: 7.5 டயாப்டருக்குக் (பவரின் அளவு) குறைந்த பார்வைக் குறையைச் சரிசெய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. 4.5 என்றால் கிடையாதுதான். பாலிசியில் விலக்குகள் என்ற பகுதியைத் திறந்து 'டயாப்டர்' என்ற சொல்லைத் தேடினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பெரிய அடி தாத்தாவின் கண்புரையில். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் 78,000 ரூபாய் பேக்கேஜ், தூரம் கிட்டம் இரண்டும் தெரியும் மல்டிஃபோகல் லென்ஸ். 'இன்ஷூரன்ஸ் பாத்துக்கும்' என்றார் கவுன்டரில் இருந்தவர். ஆபரேஷன் முடிந்து கிளம்பும்போது பாலிசி தரப்பில் வந்தது 38,000. மீதி 40,000-ஐ அங்கேயே கட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள்.

இந்த 38,000 எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆரோக்ய சஞ்சீவனியில் கண்புரைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அது. மூன்று லட்சத்தில் 25 சதவீதம் 75,000. ஆக 40,000-தான் உச்சம். அதில் 5 சதவீதம் நம் பங்கு, 2,000 போக 38,000. ஒரு லட்சம் பாலிசி என்றால் உச்சமே 25,000. பாலிசி எடுத்து 24 மாதம் முடியாமல் கண்புரைக்குக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. மற்ற பாலிசிகளில் எண்கள் மாறும், ஆனால் கண்புரைக்குத் தனி வரம்பு இருக்கிறதா, எத்தனை மாதக் காத்திருப்பு, நம் பங்கு எவ்வளவு என்ற மூன்றையும் பார்க்காமல் ஆபரேஷன் தேதி வாங்காதீர்கள்.

லென்ஸ் விஷயத்தில் இன்னொன்று. சாதாரண மோனோஃபோகல் லென்ஸ் வைத்தால் தூரம் தெளிவாகத் தெரியும், பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். மல்டிஃபோகலில் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதுண்டு. சுகரால் விழித்திரை கெட்டிருந்தால் பொதுவாக அதைப் பரிந்துரைப்பதில்லை. இந்தத் தாத்தாவுக்கு விழித்திரையில் சுகர் பாதிப்பு இருந்ததை யாரும் விளக்கவில்லை. 'இது பெஸ்ட் லென்ஸ்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். மருத்துவர் வாயால் கேளுங்கள், கவுன்டரில் இருப்பவர் வாயால் அல்ல.

தேதி வாங்கும் முன் மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் மேசையில் இதைச் சொல்லுங்கள்: 'மோனோஃபோகலுக்கு எவ்வளவு, மற்ற லென்சுக்கு எவ்வளவு, தனித்தனியா எழுதிக் கொடுங்க. நிறுவனத்துக்கு அனுப்புற மதிப்பீட்டிலும் வந்த அனுமதியிலும் ஒரு காப்பி குடுங்க.' நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்தில் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் 2024 விதி. திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன் இது. அனுமதிக் கடிதத்தில் தொகையைப் பார்த்த பிறகு உள்ளே போனால் போதும்.

இரண்டு கண்ணுக்கும் வேண்டும் என்றால் வரம்பு கண்ணுக்கா, பாலிசி ஆண்டுக்கா என்று பாருங்கள். ஆண்டுக்கு என்றிருந்தால், மருத்துவர் பொறுக்கலாம் என்று சொன்னால், இரண்டாவது கண்ணை ரினியூவலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கைக்காசு கட்டிப் பிறகு கிளைம் செய்வதாக இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, வரிசையாகப் பிரித்த பில், கண்ணின் நீளத்தை அளக்கும் ஏ ஸ்கேன் ரிப்போர்ட், முன்பிருந்த பார்வை அளவு, இவற்றோடு லென்ஸ் ஸ்டிக்கர். பவரும் சீரியல் எண்ணும் உள்ள அந்தச் சின்ன ஸ்டிக்கர் இல்லை என்று திருப்பி அனுப்பிய கிளைம்கள் உண்டு. ஆபரேஷனுக்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் சொட்டு மருந்து, பரிசோதனைச் செலவுகளையும் ஆரோக்ய சஞ்சீவனியில் கேட்கலாம். அந்த பில்களைப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆபரேஷன் காகிதங்கள் டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் போக வேண்டும், பிந்தைய செலவு பில்கள் அந்தச் சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள். ஒரு நாள் தங்கவில்லை என்று மறுத்தால் ஏற்க வேண்டாம், கண்புரை அன்றே வீடு திரும்பும் டே கேர் சிகிச்சை. நிறுவனம் விலக்கி வைத்த மருத்துவமனைப் பட்டியலில் நீங்கள் போகும் இடம் இருக்கிறதா என்று மட்டும் அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுகர்காரர்களுக்கு விழித்திரையில் போடும் ஊசி தனி விவகாரம். மருத்துவமனையில் சேராமல் செய்யும் ஓபி சிகிச்சை என்று சொல்லித் தட்டிவிடப் பார்ப்பார்கள். விழித்திரை ஊசி ஐஆர்டிஏஐ பட்டியலிட்ட நவீன சிகிச்சைகளில் ஒன்று. ஆரோக்ய சஞ்சீவனியில் காப்பீட்டுத் தொகையில் பாதி வரை இடமுண்டு. ஆனால் இந்தக் குடும்பத்தின் படிவத்தில் 'சுகர் உண்டா' என்ற கேள்விக்கு ஏஜென்ட் 'இல்லை' என்று போட்டிருந்தார். அந்த ஒரு டிக் இனி ஊசிக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் இடைஞ்சல். படிவத்தை நீங்களே நிரப்புங்கள்.

கண்ணாடிக்குப் பணம் தரும் பாலிசி இல்லவே இல்லை என்று நினைக்க வேண்டாம். வேலை செய்யும் கம்பெனியின் குரூப் பாலிசியில் ஓபி பகுதி இருந்தால் அதில் கிடைக்கலாம். கண் மருத்துவரின் சீட்டு, பெயர் போட்ட ஜி.எஸ்.டி. பில், பவர் உள்ள கண்ணாடி என்ற மூன்றையும் கேட்பார்கள். மிச்சத் தொகை பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கு வராது, ஆகவே ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே பாருங்கள். கூலிங் கிளாசுக்குப் பவர் கண்ணாடி பில் போட்டுத் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். பொய் பில் பிடிபட்டால் குடும்பத்தின் பாலிசியே ரத்தாகும்.

வீட்டில் 70 வயது தாண்டியவர் இருந்தால் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா காப்பீட்டு அட்டைக்கு வருமான வரம்பு இல்லை, ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. தனியார் பாலிசி வைத்திருந்தாலும் வாங்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் கடலூர்க்காரர்கள் கன்னியக்கோயில் எல்லையைத் தாண்டும் முன், அந்தப் புதுச்சேரி மருத்துவமனையில் அந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லுமா என்று போனில் கேளுங்கள். தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் இலவசப் பிரிவு இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. கையில் பணமில்லை என்று கண்புரையை முற்ற விடத் தேவையில்லை.

ஏமாந்துவிட்டால்: பாலிசி சம்பந்தப்பட்டது என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். ஐஆர்டிஏஐ-யின் புகார் சேவையான பீமா பரோசாவின் எண் 155255. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கடலூர், புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் அவர் எல்லைக்குள்தான். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை கேட்கலாம், நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். தள்ளுபடி அட்டைக்கும் திருப்பித் தராத முன்பணத்துக்கும் அவரிடம் போக முடியாது. அவற்றுக்கு நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கேயும் கட்டணம் கிடையாது. யுபிஐ ரசீது, அட்டையின் இரண்டு பக்கம், பேனரின் போட்டோ, வாட்ஸ்அப்பில் 'கவர் ஆகும்' என்று அவர்கள் எழுதிய செய்தி, எல்லாவற்றையும் அவர்கள் அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.