தொட்டுச் செலுத்துவதா, ஸ்கேன் செய்வதா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் பெரிய துணிக்கடைகளில் கைப்பேசியால் பணம் செலுத்த இரண்டு வழிகள் உண்டு. தொட்டுச் செலுத்தும் என்எஃப்சி எனும் குறுந்தூர ரேடியோ முறையில், 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் சிறு ஆன்டெனா, சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் மட்டுமே கார்டு இயந்திரத்துடன் பேசும். அப்போது உண்மையான கார்டு எண்ணுக்குப் பதிலாக டோக்கன் எனும் மாற்று எண்ணும், அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டுமே செல்லுபடியாகும் சங்கேதக் குறியீடும் செல்வதால், இடையில் எவரேனும் அவற்றைக் கவர்ந்தாலும் மறுமுறை பயன்படுத்த முடியாது. கைப்பேசியில் அந்நேரம் இணையம் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் பணம் சென்றுவிடும். கடைக்காரரின் இயந்திரத்துக்கு இணைப்பு இருந்தால் போதும். பாதுகாப்பில் இதுவே மேல் என்பது என் கருத்து.

2016-இல் அறிமுகமான யுபிஐயின் க்யூஆர் முறையிலோ, கேமரா படிப்பது பெரும்பாலும் கடைக்காரரின் கட்டண முகவரியை மட்டுமே. தொகையையும் பின் எண்ணையும் நாம் இட்ட பிறகு, கோரிக்கை நம் இணையம் வழியாகவே வங்கிக்குச் செல்கிறது. சிக்னல் போனால், பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பைக் கேட்டபடி நிற்க வேண்டியதுதான். ஆயினும் அச்சிட்ட க்யூஆர் அட்டைக்கு மின்சாரமோ இயந்திரமோ தேவையில்லை என்பதால்தான், காசிமேட்டில் வஞ்சிரம் விற்கும் அக்காவின் கூடையருகே, ஐஸ் தண்ணீர் தெறித்த அட்டை ஒன்று தொங்குகிறது. அத்தகைய அட்டைமீது வேறொருவர் தம் அட்டையை ஒட்டிவிடும் மோசடியும் நடப்பதால், பின் எண்ணை இடுவதற்கு முன் திரையில் தோன்றும் பெயரைக் கடைக்காரரிடமே கேட்டுச் சரிபார்ப்பது நல்லது.