குடித்தது தேசிக்காய் ஜூஸ்தான்: அறுகம்பே போகிறவர்கள் கவனத்துக்கு

பொத்துவில் பக்கத்து அறுகம்பே கடற்கரையில் அலைச்சறுக்குச் சீசன் களைகட்டும் நேரம் இது. மட்டக்களப்பில் இருந்தும் கல்முனையில் இருந்தும் சனி ஞாயிறுக்கு வேன் பிடித்துப் போகிற ஆட்கள் நிறைய. போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போகிற இடத்தில் உங்கள் கிளாசுக்குள் யாராவது எதையாவது கலந்தால் அடுத்த சில மணித்தியாலத்துக்குள் என்ன செய்ய வேண்டும், அதைச் செய்ய விடாமல் யார் யார் குறுக்கே நிற்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். எங்களுக்கு எல்லாம் நடந்த பிறகுதான் தெரிந்தது.

கடற்கரையோரம் பாட்டுப் போடுகிற ஒரு இடம். முறைப்பாடு இன்னும் முடியாததால் பெயர் போட வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். என் மச்சாள், அவளுடைய வேலையிடத்துச் சிநேகிதிகள், நான், என் தம்பி, இவ்வளவு பேரும்தான் போனோம். மச்சாள் குடிக்கிற ஆள் இல்லை. அவள் எடுத்தது தேசிக்காய் ஜூஸ், நம்முடைய வழக்கப்படி சீனியோடு ஒரு சிட்டிகை உப்பும் போட்டது. எல்லோரும் அலைப் பக்கம் படம் எடுக்கப் போனபோது பக்கத்து மேசைப் பொடியன்மார் "பேக்கை நாங்க பார்த்துக்கொள்றோம் அக்கா" என்றார்கள். திரும்பி வந்து மிச்ச ஜூஸைக் குடித்தவள், அரை மணித்தியாலத்துக்குள் தொடங்கிய வசனத்தை முடிக்க முடியாமல் நின்றுவிட்டாள். கண் திறந்திருந்தது, பார்வை எங்கேயோ இருந்தது. முகம் கழுவ வேண்டும் என்று எழும்பிப் போனாள். நான் பில்லுக்கு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்த இடைவெளியில், பக்கத்து மேசையில் இருந்தவன் ஒருவன் அவளுடைய முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் நடத்திக்கொண்டு போகிறான். காவலாளி கேட்டதற்கு "நம்மட ஆள்தான் அண்ணே, கொஞ்சம் ஏறிட்டு" என்று சொல்லியிருக்கிறான், அவரும் கேற்றைத் திறந்துவிட்டார். தம்பி ஓடிப்போய் மறித்ததால் அவள் எங்களுக்குக் கிடைத்தாள்.

அதற்குப் பிறகு அந்த இடத்துக்காரர் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. மனேஜர் வந்தார், ஒரு பார்வை பார்த்தார், "கூடக் குடிச்சிட்டா போல தங்கச்சி, கொண்டுபோய்ப் படுக்க வைங்க" என்றார். அவள் குடிக்கவே இல்லை என்று நான் எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. அந்தக் கிளாசை எடுக்க வேண்டாம் என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே வெயிட்டர் பொடியன் அதைக் கொண்டுபோய் சவர்க்கார நுரை நிறைந்த நீல வாளிக்குள் மற்றக் கிளாசுகளோடு அமுக்கினான். ஒரு தேசிக்காய் விதை நுரைக்கு மேலே மிதந்து வந்தது. கையைப் பிடித்தவனை நிற்பாட்டி வையுங்கள், பொலிஸுக்கு எடுக்கிறோம் என்றோம். "கஸ்டமரைப் பிடிச்சு வைக்க எங்களுக்கு ஏலாது" என்று அவனைப் போக விட்டார்கள். எங்களை மட்டும் பில் கட்டும்வரை வேனை எடுக்க விடவில்லை. பத்து வீத சேவைக் கட்டணமும் சேர்த்துத்தான் வாங்கினார்கள்.

அந்த பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கொத்து, பொரியல், தேசிக்காய் ஜூஸ், சோடா. எங்கள் மேசைக்கு ஒரு பியர்கூட இல்லை. அவர்கள் வற்புறுத்தி வாங்கிய காசுக்குத் தந்த துண்டுதான் இன்றுவரை எங்கள் பக்கம் பேசுகிற ஒரே கடதாசி. எங்கே போனாலும் பில் கேட்டு வாங்குங்கள், நேரம் அச்சடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதலில் கொண்டுபோன வைத்தியசாலையில் சேலைன் ஏற்றி, துண்டில் மதுபோதை என்று எழுதினார்கள். வாயை மணந்துகூடப் பார்க்கவில்லை. சிறுநீர் எடுத்து வையுங்கள் என்று கேட்டபோது பொலிஸ் எண்ட்ரி வேண்டும் என்றார்கள். பொலிஸுக்குப் போனால் முதல் கேள்வியே "பொம்புளப் புள்ளயள் ஏன் அந்த நேரத்தில அங்க போனீங்க?" அவளை பலூன் ஊத வைத்துப் பாருங்கள், குடித்தாளா இல்லையா தெரிந்துவிடும் என்று நாங்களே கேட்டோம். அது வாகனம் ஓட்டுகிற ஆட்களுக்குத்தானாம். பிறகு ஒருவர் "ஒண்டும் நடக்கல்லயே பிள்ளை, பிறகென்ன முறைப்பாடு?" என்றார். இப்படியே விடிந்து, மத்தியானமும் ஆகிவிட்டது. இதற்கிடையில் அவள் எத்தனை தரம் பாத்ரூம் போய் வந்திருப்பாள்!

கடைசியில் இன்னொரு வைத்தியசாலையில் எங்களைப் பார்த்த சட்ட வைத்திய அதிகாரிதான் முதல் முறையாக எங்களை இருக்கச் சொல்லி விஷயத்தை விளங்கப்படுத்தினார். இப்படிக் கலக்கிற பொருட்களில் ஜிஎச்பி என்பது இரத்தத்தில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது, சிறுநீரிலும் ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலத்தோடு சரி. லேசாக உப்புக் கரிக்கும், ஆனால் உப்புப் போட்ட தேசிக்காய் ஜூஸில் அதை யார் கண்டுபிடிப்பது? தூக்கக் குளிசை வகைகள் சிறுநீரில் சில நாட்கள் வரை தெரியலாம். அதனால் மயங்கிய பிறகு போகிற முதல் சிறுநீர்தான் பொன் மாதிரி. எங்களுடையது நேரம் கடந்து எடுத்தது, அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குப் போய் ஒன்றும் காணப்படவில்லை என்று வந்தது. காணப்படவில்லை என்றால் கலக்கவில்லை என்று அர்த்தமில்லை, பிந்திவிட்டது என்றும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியைக் காட்டித்தான் இப்போது எல்லோரும் எங்கள் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள்.

ஒன்றும் நடக்கவில்லையே என்று சொன்னவருக்கு இது. ஒரு குற்றத்தைச் செய்கிற நோக்கத்தோடு ஒருவருக்கு மயக்குகிற பொருளைக் கொடுப்பதே நம் தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றம், அந்தக் கோவை 1883 இல் வந்தது. கை வைத்த பிறகுதான் முறைப்பாடு எடுக்கலாம் என்று எங்கேயும் இல்லை. 1995 இல் திருத்திய 363 ஆம் பிரிவைப் பாருங்கள்: அந்த ஆணோ வேறு யாரோ கொடுத்த மதுவாலோ போதைப்பொருளாலோ தன்னிலை இழந்திருக்கும் பெண் ஓம் என்று சொன்னாலும் அது சம்மதம் ஆகாது, அது வன்புணர்வு, குறைந்தது ஏழு வருடக் கடூழியச் சிறை. மதுவாலோ என்பதைக் கவனியுங்கள். கலப்பது என்றால் ஏதோ மர்மமான தூள் என்று நினைக்கிறோம், ஆனால் சொல்லாமல் சாராயத்தைக் கூட்டி ஊற்றிக் கொடுப்பதும் கலப்பதுதான், அது எளிதாக நடக்கிறது. பாதிக்கப்படுவது பெண்கள் மட்டும் என்றும் நினைக்காதீர்கள், போனையும் பர்சையும் பறிப்பதற்காக ஆண்களையும் இப்படித்தான் மயக்குகிறார்கள்.

இந்த இடங்களை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது செலவு பிடிக்கிற விஷயம் இல்லை. யாராவது சந்தேகம் சொன்னால் கிளாசைக் கழுவாதீர்கள், அப்படியே மூடி வையுங்கள். அன்றைய கெமரா பதிவை அழியாமல் வேறாக எடுத்து வையுங்கள் (எங்களுக்கு முதலில் தருகிறோம் என்றார்கள், பிறகு அழிந்துவிட்டது என்றார்கள், கடைசியில் அந்தக் கெமரா வேலை செய்வதே இல்லை என்றார்கள்). நிற்க முடியாத ஒரு பிள்ளையை, என் ஆள் என்று சொல்கிற யாருடைய கையிலும் கொடுக்காதீர்கள், அவளோடு வந்தது யார் என்று மேசைக்குப் போய்க் கேளுங்கள். கலிபோர்னியாவில் 2024 ஜூலையில் இருந்து பார்கள் பானத்தைச் சோதிக்கிற பட்டிகளை வாடிக்கையாளருக்கு வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தப் பட்டிகளும் எல்லா மருந்தையும் காட்டாது, அதனால் அதை நம்பி இருக்கச் சொல்லவில்லை. கிளாசுக்கு ஒரு மூடி கொடுக்கக்கூட நம் பக்கத்தில் ஆளில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

உங்களோடு வந்தவருக்குக் குடித்த அளவுக்குப் பொருந்தாத மயக்கம் வந்தால் தனியாக விடாதீர்கள். சரித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், கோப்பி பருக்க வேண்டாம். 1990 க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். மிச்சப் பானம் இருந்தால் சுத்தமான போத்தலில் ஊற்றி மூடி பொலிஸில் ஒப்படையுங்கள். வைத்தியசாலையில் முதல் சிறுநீரையும் இரத்தத்தையும் நேரம் குறித்து எடுத்து வைக்கச் சொல்லி விடாப்பிடியாக நில்லுங்கள், சட்ட வைத்திய அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பெரிய வைத்தியசாலைகளில் மிதுரு பியச என்கிற நட்பு நிலையம் இருக்கிறது, அங்கே கதைக்க ஆள் இருப்பார்கள். பொலிஸில் சிறுவர் மகளிர் பிரிவைக் கேளுங்கள், முறைப்பாட்டு இலக்கம் எழுதித் தராமல் எழும்பாதீர்கள். எடுக்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு 1996, மகளிர் உதவி இலக்கம் 1938. பாதிக்கப்பட்டவரை மரியாதையாக நடத்த வேண்டும் என்று 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது, அந்த இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் சொன்ன பிறகுதான் புத்தகத்தைத் திறந்தார்கள்.

பொத்துவில், அறுகம்பே பக்கம் இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். திகதியும் மேசைப் பக்கம் எடுத்த படங்களும் இருந்தால் அதுவும் வேண்டும். உங்கள் பெயர் வெளியே வராது. எங்கள் சட்டத்தரணி, ஒரே இடத்தைப் பற்றி இன்னொரு முறைப்பாடு இருந்தால் பழைய கோப்பையும் திறக்கச் சொல்லிக் கேட்கலாம் என்கிறார்.