மேஜிக்கா, போக்கிமானா? லேண்ட் வராத கையை வைத்து ஒரு கணக்கு

1993இல் வந்த மேஜிக்: த கேதரிங், 1996இல் ஜப்பானில் வந்த போக்கிமான் கார்டு ஆட்டம்: இரண்டும் அவரவர் கட்டிய கார்டு அடுக்கோடு (டெக்) எதிராளியுடன் மோதும் ஆட்டங்கள். இரண்டிலும் 60 கார்டு டெக், 7 கார்டு கை. ஒரே பெயரில் 4 கார்டுக்கு மேல் கூடாது. அடிப்படை லேண்டுக்கும் (மேஜிக்கில் மானா என்ற சக்தியைத் தரும் கார்டு) அடிப்படை எனர்ஜிக்கும் (போக்கிமானின் சக்திக் கார்டு) விலக்கு. மேஜிக்கில் எதிராளியின் 20 உயிர்ப்புள்ளியைக் கரைக்க வேண்டும், போக்கிமானில் உங்கள் 6 பிரைஸ் கார்டையும் (தொடக்கத்தில் டெக்கிலிருந்து கவிழ்த்து வைப்பவை, எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுப்பவை) எடுத்து முடிக்க வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு என் ஓட்டு போக்கிமானுக்கு. காரணம் ஒன்றே ஒன்று: கை முடங்குவது, அதாவது கையில் கார்டு இருந்தும் இறக்க முடியாமல் போவது.

மேஜிக்கில் ஏறக்குறைய எதை இறக்கவும் லேண்ட் வேண்டும். டர்னுக்கு ஒன்றுதான் வைக்கலாம். 60இல் 24 லேண்ட் போட்டாலும், முதல் 7 கார்டில் ஒரே லேண்ட் வருவதற்கோ ஒன்றுமே வராமல் போவதற்கோ 14 சதவீத வாய்ப்பு. அதாவது ஏழு கைக்கு ஒரு கை. அந்தக் கையை மாற்றினால் புதிதாக 7 எடுத்து ஒன்றை டெக்கின் அடியில் வைக்க வேண்டும், ஆறோடுதான் ஆட்டம். மாற்றாமல் துணிந்தால், கை நிறைய நாலு மானா செலவாகும் கார்டுகளை வைத்துக்கொண்டு அடி வாங்குவதுதான் மிச்சம்.

போக்கிமானிலும் டர்னுக்கு ஒரு எனர்ஜிதான். ஆனால் அது தாக்கவும் பின்வாங்கவும்தான் தேவை. கார்டை இறக்க எனர்ஜி வேண்டியதில்லை. எனர்ஜியே இல்லாத கையிலும் வேலை நடக்கும். அல்ட்ரா பால் போட்டு, இரண்டு கார்டைக் கழித்து, டெக்கிலிருந்து வேண்டிய போக்கிமானை எடுக்கலாம். பிறகு புரொபசர்ஸ் ரிசர்ச் போட்டு, மீதிக் கையை வீசிவிட்டு புதிதாக 7 எடுக்கலாம். (முதலில் ஆடுபவர் தன் முதல் டர்னில் புரொபசர்ஸ் ரிசர்ச் போன்ற சப்போர்ட்டர் வகைக் கார்டைப் போடவும் முடியாது, தாக்கவும் முடியாது.)

இங்கேயும் பள்ளம் உண்டு. ஆட்டத்தைத் தொடங்க, நேரடியாக இறக்கக்கூடிய பேசிக் போக்கிமான் ஒன்றாவது கையில் வேண்டும். டெக்கில் 12 பேசிக் இருந்தாலும் ஐந்து கைக்கு ஒன்றில் ஒரு பேசிக்கும் வராது. அப்போது கையைக் காட்டிக் கலைத்து மறுபடி 7 எடுப்பீர்கள். எதிராளி விரும்பினால் ஒரு கார்டு கூடுதலாக எடுப்பார். அவருக்கு லாபம்தான், ஆனால் உங்கள் கை சுருங்காது. ஒரே பிரதியாக வைத்த கார்டு பிரைஸில் மாட்ட பத்தில் ஒரு வாய்ப்பு. அதனால் முதல் தடவை டெக்கைத் தேடும்போதே எது காணோம் என்று எண்ணிவிடுங்கள். எனர்ஜி முழுவதையும் ஒரே போக்கிமானில் குவிக்காதீர்கள், அது விழுந்தால் எல்லாம் போச்சு. அதுவும் பலம் கூடிய எக்ஸ் வகை என்றால் எதிராளிக்கு பெரும்பாலும் 2 பிரைஸ்.

மேஜிக் ஜெயிக்கும் இடம் எதிராளியின் டர்ன்: அப்போதும் சில கார்டுகளைப் போட்டு அவர் ஆட்டத்தைத் தடுக்கலாம். இரண்டு ஐலண்டை (நீல மானா தரும் லேண்ட்) மானாவுக்காகச் சாய்க்காமல் விட்டாலே அவர் யோசிப்பார். போக்கிமானில் அந்த நேரம் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அந்த ருசிக்காக மேஜிக் எடுப்பவர்கள், இரண்டு லேண்ட் கையை இரண்டாவதாக ஆடும்போது, அதுவும் மலிவான கார்டுகள் கூட இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஆடுபவருக்கு முதல் டர்னில் கார்டு எடுக்கும் உரிமை இல்லை, உங்களுக்கு உண்டு. நாலு பேர் ஆடும் மேஜிக் வகையான கமாண்டருக்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள்: அங்கே 100 கார்டு, 40 உயிர்ப்புள்ளி, தடுமாறி எழவும் நேரம் கிடைக்கும்.