தட்டில் வளர்ந்த பிட்ச்சா, தரையோடு கிடக்கும் பிட்ச்சா?

டிசம்பர் 26 அன்று அதிகாலை 5 மணிக்கு மெல்பர்ன் டெஸ்ட் தொடங்கும்போதே காரைக்குடி டீக்கடைகளில் வாக்குவாதமும் தொடங்கிவிடும்: வெளியே வளர்த்துக் கொண்டுவந்து இறக்கும் ட்ராப்-இன் பிட்ச் டெஸ்ட்டைக் கெடுக்கிறதா?

கெடுக்கிறது என்பவர்களுக்கு 2017 மெல்பர்ன் போதும். இங்கிலாந்தின் அலஸ்டர் குக் ஆட்டமிழக்காமல் 244, ஐந்து நாளும் இழுத்து டிரா. சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசியே பிட்ச் மோசம் என்றது. இரும்புத் தட்டுக்குள் ஏறக்குறைய 20 செ.மீ. மண், அதை இறுக்கிப் பிடிக்கும் புல்வேர். அடிநிலத்தோடு ஒட்டு உறவே இல்லை. வெடிக்காமல், தேயாமல், நாலாம் நாளும் முதல் நாள் மாதிரியே கிடந்தால் சுழற்பந்து வீச்சாளர் என்னதான் செய்வார்?

சேப்பாக்கம் அப்படியில்லை. செம்மண் பிட்ச்சில் பந்து எகிறும், காய்ந்தால் பொடிந்து திரும்பும். கரிசலில் தாழ்ந்து மெதுவாக வரும். வெடித்த தரையின் குணம் நம் செட்டிநாட்டுப் பையன்களுக்குத் தெரியும். கோடையில் வற்றிய கண்மாய்க்குள் ஸ்டம்ப் நட்டால், ஒரே இடத்தில் விழுந்த பந்து ஒருமுறை கணுக்காலுக்கு வரும், மறுமுறை தாடைக்கு.

சரி, தட்டு மட்டுமா குற்றவாளி? 2020-ல் இந்தியா 36-க்குச் சுருண்ட அடிலெய்டும் ட்ராப்-இன்தான். வேகத்துக்குப் பேர்போன பெர்த் புது ஸ்டேடியமும் அப்படியே. மண்ணும் புல்லின் உயரமும்தான் முக்கால்வாசி வேலையைச் செய்கின்றன. குளிர்காலம் முழுக்க ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடும் மைதானத்துக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் சேப்பாக்கத்தில் யாராவது தட்டை இறக்க வந்தால், என் ஓட்டு கிடையாது.