சிங்க்குக்கு அடியில் பெட்டியா, கொல்லையில் தொட்டியா?

பாத்திரம் கழுவிய நீரிலிருந்து எண்ணெயையும் நெய்யையும் பிரித்து நிறுத்தும் கிரீஸ் டிராப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சிங்க்குக்கு அடியில் வைக்கும் 50, 60 லிட்டர் எவர்சில்வர் பெட்டி; மற்றொன்று, கட்டடத்துக்கு வெளியே மண்ணுக்குள் கட்டும் 1,000 லிட்டர் அளவிலான தொட்டி. வாங்க வருபவர்கள் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். மூடியை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை திறப்பார் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது, பாளையங்கோட்டையில் ஒரு விடுதிச் சமையற்கூடத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்ட எனது கருத்து.

இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். நீரின் வேகம் குறையும்போது கொழுப்பு மேலே மிதக்கும், சோறும் மசாலாக் கசடும் அடியில் படியும், நடுவிலுள்ள தெளிந்த நீர் வெளியேறும். வேறுபாடு நீர் உள்ளே தங்கும் நேரத்தில் இருக்கிறது. கழுவுமிடத்திலிருந்து நிமிடத்துக்கு 20 லிட்டர் நீர் வந்தால், 60 லிட்டர் பெட்டியில் அது மூன்று நிமிடமே நிற்கும். 1,000 லிட்டர் தொட்டியிலோ முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நின்று ஆறும்.

நீர் இப்படிச் சூடு ஆறுவது நம் ஊருக்கு மிக முக்கியம். அல்வா கிண்டிய உருளியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்தால், உருகிய நெய் சிறிய பெட்டியை வெந்நீரோடு வெந்நீராகக் கடந்துபோய், வெளியே குளிர்ந்த குழாயில்தான் உறையும். டால்டாவுக்கும் இதே கதைதான். ஆகவே அல்வா போடும் இடத்துக்குப் பெட்டி மட்டும் போதாது என்பேன். உருளியை முதலில் பழைய துணியால் வழித்துத் துடைத்துவிட்டுக் கழுவுகிற பழக்கம் இருந்தால் இரண்டுக்குமே சுமை நன்றாகக் குறையும்.

பராமரிப்பில் சிறிய பெட்டிக்கு ஒரு நற்பேறு உண்டு: நாறினால் சமையற்காரர் மூக்குக்கே முதலில் எட்டும், எனவே மறக்க முடியாது. பரோட்டாவும் சால்னாவும் ஓடும் கடையில் தினமும் இரவு வடிகூடையைத் தட்டி, மேலே திரண்டதை அகப்பையால் அள்ளி, வாரம் ஒருமுறை முழுவதும் காலி செய்து தேய்த்துவிட்டால் போதும். தொட்டியோ கண்ணில் படாதது, அதனாலேயே மறக்கப்படுகிறது. அதற்கு அளவுகோல் ஒன்று உண்டு. மிதக்கும் கொழுப்பும் அடிக்கசடும் சேர்ந்து நீர்மட்ட ஆழத்தில் கால் பங்கை எட்டினால் அள்ளியாக வேண்டும். அதாவது 80 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 20 சென்டிமீட்டர். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாக இறக்கி, மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினால் அடுக்குகள் அப்படியே தெரியும்.

எங்கள் விடுதியில் ஒரு முறை மூடியைத் திறந்தபோது மேலே கொழுப்பே இல்லை. மகிழ்ந்துவிட்டோம். வெளியேறும் வாயில், மிதக்கும் கொழுப்பைத் தடுத்து நடுநீரை மட்டும் வெளியே விடும் ‘டி’ வடிவக் குழாய் உடைந்து, மிதந்த எண்ணெய் முழுவதும் நேராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது, பத்து நாள் கழித்து அடைப்பு வந்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து தொட்டி மிகச் சுத்தமாகத் தெரிந்தால் முதலில் அந்தக் குழாயைத்தான் பார்ப்பேன்.

தொட்டியின் மற்றொரு சங்கடம், அதை உறிஞ்சிக் காலி செய்ய வரும் லாரி. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் உறிஞ்சு லாரியைப் பகலில் நிறுத்துவது கடினம்; ஆனித் தேர் நாட்களில் நினைக்கவே வேண்டாம். எனவே திருவிழாவுக்கு முன்பே அள்ளிவிட வேண்டும். லாரி வராத அவசரத்திலும் ஆளைத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு நொடியில் ஆளைச் சாய்க்கும். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்கிறது.

இரண்டுக்கும் மாற்றாக, ஊற்றினால் கொழுப்பைக் கரைக்கும் திரவங்களையும் விற்கிறார்கள். சோப்புப் போலக் கொழுப்பைப் பொடியாக்குபவை அதை நம் குழாயிலிருந்து தெருக் குழாய்க்கு இடம் மாற்றுகின்றன, அவ்வளவுதான். நுண்ணுயிர் கலந்தவை நாற்றத்தைச் சற்றுக் குறைக்கலாம்; அள்ளும் வேலையை நிறுத்த முடியாது.

பத்து மேசைக் கடைக்குப் பெட்டி, கல்யாண மண்டபத்துக்கும் பெரிய ஓட்டலுக்கும் தொட்டி, அல்வாக் கூடத்துக்கு இரண்டும் வரிசையாக என்பது என் தேர்வு. எதுவானாலும், பெட்டியில் அள்ளியதை மரத்தூளில் பிசைந்து கெட்டியாக்கிக் குப்பை வண்டியில் கொடுங்கள். பாளையங்கால்வாய் பக்கத்தில்தானே ஓடுகிறது என்று வாளியைக் கவிழ்த்தால், கீழே அந்த நீர் வயலுக்குத்தான் போகிறது.