சிபில் ஸ்கோரும் நானும்: ஆறு வருட அனுபவம்

2019-இல் வீட்டுக் கடன் கேட்டுப் போனேன். கட்டிய எந்த இஎம்ஐயும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை என்ற தைரியம். மேனேஜர் திரையை என் பக்கம் திருப்பினார்: கடனை எப்படித் திருப்பிக் கட்டுகிறோம் என்று காட்டும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர், எனக்கு வெறும் 648. கீழே பழைய கிரெடிட் கார்டு ஒன்று, அதற்கு நேரே 'செட்டில்டு'.

அந்தக் கார்டை போனிலேயே மூடச் சொல்லியிருந்தேன். மூடவில்லை. ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டியோடு 590 ரூபாய் நின்றுபோய், அபராதமும் வட்டியும் ஏறி நாலாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. வசூலுக்குப் பேசியவர், "ரெண்டாயிரம் கட்டுங்க சார், முடிச்சுத் தர்றோம்" என்றார். நம்பிக் கட்டினேன். பாக்கியைக் குறைத்து வாங்கி முடித்தால் செட்டில்டு, முழுசாகக் கட்டினால்தான் க்ளோஸ்டு. அந்த வித்தியாசத்தை அவர் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மீதியைக் கட்டி, பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் கடிதம் வாங்கினேன். சிபில் இணையதளத்தில் புகார் போட்டாலும், கடன் கொடுத்த வங்கி ஒப்புக்கொண்டால்தான் பதிவு மாறும். நாலு மாதம் அலைந்தேன். இப்போது புகார் 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, அன்று இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. 60,000 லிமிட் கார்டில் மாதம் 50,000 வரை தேய்ப்பேன், கெடுவுக்குள் முழுசாகக் கட்டிவிடுவேன். ஆனாலும் பில் போடும் அன்று இருக்கும் பாக்கிதான் பெரும்பாலும் பதிவாகிறது. அது லிமிட்டை நெருங்கியிருந்தால் ஸ்கோர் குறையும், அதனால் லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பில் தேதிக்கு முன்பே பாதிக்கு மேல் கட்டத் தொடங்கினேன். ஒரு வருடத்தில் 740 தாண்டியது.

நம் ஸ்கோரை நாமே பார்த்தால் குறையாது, தைரியமாகப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நம் கடன் விவரங்களைப் பதிந்து வைக்கும் நிறுவனங்கள் நான்கும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நான் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுக்கிறேன். எடுத்ததும் எண்ணைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கணக்காக வரி வரியாகப் படிக்கிறேன். சித்தப்பாவின் டிராக்டர் கடனுக்கு ஜாமீன் போட்டது என் அறிக்கையில் ஏறியிருப்பதை அப்படித்தான் கண்டேன். அவர் தவணை தவறினால் என் பெயரும் கெடும். அதனால் தவணை நாளுக்கு முன்னால் சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டுவிடுகிறேன்.

வீட்டுக் கடன் 2021-இல் கிடைத்தது. வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலிலேயே அந்த நோ டியூஸ் கடிதத்தையும் வைத்திருக்கிறேன்.