காலியான போர்ட்டைப் பிடித்து வைக்கும் குட்டி லைப்ரரி: எஃபெமரல்-போர்ட்-ரிசர்வ்

எங்கள் டெஸ்ட் ஒன்று என் கம்ப்யூட்டரில் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் பில்ட் மெஷினில் மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’, எர்ரர் 98 என்று விழும், அதாவது சர்வர் கேட்ட போர்ட் (மெஷினில் எந்த ப்ரோக்ராமோடு பேச வேண்டும் என்று சொல்லும் எண்) ஏற்கெனவே வேறு யாரிடமோ இருக்கிறது. மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகிவிடும் என்பதால் மாதக்கணக்கில் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் அது விழுந்த கையோடு அந்த மெஷினுக்குள் போய் எந்த போர்ட் யாரிடம் இருக்கிறது என்று காட்டும் எஸ்எஸ் கமாண்டைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஜிஆர்பிசி (ப்ரோக்ராம்கள் நெட்வொர்க்கில் ஒன்றையொன்று அழைக்கும் முறை) சர்வர் கேட்ட போர்ட் 50051-ஐ வேறு எந்த சர்வரும் பிடித்து வைத்திருக்கவில்லை, பக்கத்தில் ஓடிய இன்னொரு டெஸ்ட் டேட்டாபேஸுக்குப் போட்ட கனெக்‌ஷனுக்கு கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்த எண்ணை எடுத்துக் கொடுத்திருந்தது. வெளியே போகும் கனெக்‌ஷன்களுக்கு லினக்ஸ் எண் எடுக்கும் வரம்பு, நாம் எதையும் மாற்றாதவரை, 32768 முதல் 60999 வரை. ஜிஆர்பிசி உதாரணங்களில் எல்லாம் வரும் 50051 அதற்குள்தான் இருக்கிறது!

டெஸ்டில் போர்ட் எண்ணை எழுதி வைப்பதை அன்றைக்கே விட்டுவிட்டோம்.

நீங்களே எழுதும் சர்வர் என்றால் வழி சுலபம், எந்த லைப்ரரியும் வேண்டாம். போர்ட் 0 என்று கேளுங்கள், கெர்னல் காலியான ஒன்றைத் தரும், என்ன எண் கிடைத்தது என்று சாக்கெட்டையே (நெட்வொர்க்கில் பேச ப்ரோக்ராம் திறக்கும் முனை) கேட்டுக்கொள்ளலாம். கோ மொழியின் எச்டிடிபி-டெஸ்ட் இதைத்தான் செய்கிறது, பைத்தானில் வெப்சைட் எழுத உதவும் ஜாங்கோவின் லைவ் சர்வர் டெஸ்டும் 2017-இல் வந்த 1.11-இலிருந்து இப்படித்தான்.

அடுத்தவர் எழுதிய சர்வரை டெஸ்டுக்காக எழுப்பும்போதுதான் பிரச்சினை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 0-ஐ ஏற்காது, அதற்குக் குறைந்தபட்சம் 1. ரெடிஸ் டேட்டாபேஸில் 0 என்றால் டிசிபியே (போர்ட் வழியாகப் பேசும் நெட்வொர்க் முறை) வேண்டாம் என்று அர்த்தம். அதனால் எல்லாரும் ஐந்து வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதுவோம்: 0-இல் சாக்கெட் திற, எண்ணை வாங்கு, மூடு, அந்த எண்ணை சர்வரிடம் கொடு. நாங்களும் முதலில் இதைத்தான் எழுதினோம். மூடுவதற்கும் சர்வர் கிளம்புவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறதே, அதற்குள் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைக் கொண்டுபோகலாம். ஜாவாவின் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்த சாக்கெட்-யூட்டில்ஸை இந்தக் காரணத்துக்காகவே 5.3.16-இல் ஓரங்கட்டி 6.0-இல் எடுத்தே விட்டார்கள்.

யெல்ப் வெளியிட்டிருக்கும் எஃபெமரல்-போர்ட்-ரிசர்வ் என்ற பைத்தான் லைப்ரரி அந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது, அடைக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதுவும் 0-இல்தான் தொடங்குகிறது. ஆனால் எண்ணை வாங்கியதும் மூடிவிடாமல், அந்த போர்ட்டுக்குத் தானே ஒரு கனெக்‌ஷன் போட்டு, தானே அதை ஏற்று, ஏற்ற பக்கத்தை முதலில் மூடுகிறது. டிசிபியில் யார் முதலில் மூடுகிறார்களோ அந்தப் பக்கம் டைம்-வெயிட் நிலைக்கு (மூடிய பிறகும் கொஞ்ச நேரம் காத்திருக்கும் நிலை) போகும், லினக்ஸில் அது 60 விநாடி. அந்த 60 விநாடியும் கெர்னல் அந்த எண்ணைத் தானாக வேறு யாருக்கும் எடுத்துக் கொடுக்காது, ஆனால் டைம்-வெயிட்டில் இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் ரீயூஸ்-அட்ரஸ் ஆப்ஷனோடு வரும் சர்வர் அதே எண்ணைக் கேட்டால் கிடைத்துவிடும். பொதுவாக நம்மைப் படுத்தும் டைம்-வெயிட்டையே காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். மொத்த ப்ரோக்ராமும் ஒரே ஃபைல், வேறு எந்த லைப்ரரியும் வேண்டியதில்லை, உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் படித்துவிடலாம், படியுங்கள்.

பயன்படுத்துவதும் ஒரே வரி. ரிசர்வ் என்று கூப்பிட்டால் எண் வரும். ஷெல் ஸ்கிரிப்டிலிருந்து கமாண்டாகவும் ஓட்டலாம், எண்ணை மட்டும் அச்சடித்துவிட்டுப் போய்விடும். இந்த எண் காலியாக இருந்தால் அதையே கொடு, இல்லாவிட்டால் வேறு ஏதாவது கொடு என்றும் கேட்க முடியும், பிழை தேடும்போது ஒரே எண் திரும்பத் திரும்பக் கிடைத்தால் எவ்வளவு வசதி!

சரி, எங்கே கை கொடுக்காது? 60 விநாடிக்குள் சர்வர் எழுந்து போர்ட்டைப் பிடித்துவிட வேண்டும். நாங்கள் ஆரம்பத்தில் எல்லா எண்களையும் முதலிலேயே வாங்கி வைத்துவிட்டு, அப்புறம் டேட்டாபேஸ் மைக்ரேஷனை (டேபிள்களின் அமைப்பை மாற்றும் வேலை) ஓட்டினோம், அதற்கே இரண்டு நிமிஷம் ஆனது, காவல் காலம் முடிந்தே போயிருந்தது. இப்போது சர்வரைக் கிளப்புவதற்கு முந்தின வரியில்தான் எண் வாங்குகிறோம். வேறொரு ப்ரோக்ராம் ரீயூஸ்-அட்ரஸோடு அதே எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால் அதற்கும் கிடைத்துவிடும், அதை இந்த லைப்ரரியால் தடுக்க முடியாது. அது பார்ப்பது ஐபிவி4 மட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்: சர்வர் 127.0.0.1-இல் நிற்கும், உங்கள் கிளையன்ட் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரை ஐபிவி6 முகவரியாக எடுத்துக்கொண்டு அங்கே போய்த் தட்டும், கனெக்‌ஷன் மறுக்கப்பட்டது என்று வரும். டெஸ்டில் 127.0.0.1 என்றே எழுதிவிடுங்கள். இன்னொன்று, எண் கிடைத்துவிட்டது என்பதால் சர்வர் தயார் என்று ஆகிவிடாது. கனெக்‌ஷன் கிடைக்கும்வரை விட்டு விட்டு முயற்சி செய்யும் ஒரு லூப்பை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒரே மெஷினில் நூற்றுக்கணக்கான டெஸ்ட்கள் ஒன்றாக ஓடும் இடம் என்றால் கூகுளின் போர்ட்பிக்கரைப் பாருங்கள். அதோடு வரும் போர்ட்சர்வரைத் தனி ப்ராசஸாக ஓடவிட்டால், எல்லா டெஸ்ட்களும் அதனிடமே கேட்டு வாங்கும், ஒருவருக்குக் கொடுத்த எண்ணை அந்த ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை இன்னொருவருக்குக் கொடுக்காது. அதை எழுப்பி, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கப் பார்த்துக்கொள்ளும் வேலை கூடுதலாகச் சேரும். பத்துப் பன்னிரண்டு சர்வர்களை எழுப்பும் எங்கள் டெஸ்டுக்கு அது தேவைப்படவில்லை. எண் வாங்கும் வரியை இடம் மாற்றிய பிறகு எர்ரர் 98 ஒரு தடவைகூட வரவில்லை.